சாம்பலையும் நொறுக்கிவிடு

தம்பி,

போர் வரலாறு எழுதுகிற வேலை உனக்குக் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. மெத்தச் சந்தோஷம். தனி அறை, தட்டச்சு செய்ய ஓர் ஆள், பழைய கோப்புகளைப் பார்க்க அனுமதிச் சீட்டு, பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட ஒரு படிவம், எல்லாம் தருகிறார்களாம். உன்னோடு படித்த பிள்ளைகள் இன்னும் வங்கித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரலாறு படித்தவனுக்கு வரலாற்றிலேயே வேலை கிடைப்பது நம் நாட்டில் போரைவிட அரிதான சம்பவம்.

“எங்கிருந்து தொடங்குவது, சார்?” என்று கேட்டிருக்கிறாய். வகுப்பில் நான் சொன்னதை எல்லாம் மறந்துவிடு. சான்று, சான்றின் சாய்வு, எதிர்ச்சான்று என்று கரும்பலகையில் எழுதிப்போட்டதெல்லாம் மதிப்பெண்ணுக்காக. இனி உனக்குச் சம்பளம். சம்பளத்துக்கு எழுதும் போர் வரலாற்றின் இலக்கணம் வேறு. அதில் கரைகண்ட ஆசான்களிடம் போவோம்.

வின்ஸ்டன் சர்ச்சில்தான் இந்தக் கலையின் தொல்காப்பியர். பிரதமராக இருந்து இரண்டாம் உலகப் போரை நடத்தினார். 1945 ஜூலையில் தேர்தலில் தோற்றார். வீட்டுக்குப் போகும்போது, போர்க்காலத்தில் தான் எழுதிய குறிப்புகளும் தந்திகளும் தன் சொந்த உடைமை என்று எடுத்துக்கொண்டு போனார்; அரசாங்கமும் தலையாட்டியது. மற்ற வரலாற்றாசிரியர்கள் அந்தக் காகிதங்களைக் கண்ணால் பார்க்க 1970-கள் வரை காத்துக்கிடந்தார்கள். ஓய்வுபெற்ற தளபதிகள், ஒரு கடற்படை அதிகாரி, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு வரலாற்றாசிரியர் என்று எழுத்துக்கு உதவ ஒரு குழு. அதற்கு ‘சிண்டிகேட்’ என்றே பெயர். அமைச்சரவைச் செயலாளர் நார்மன் புரூக் கைப்பிரதியைப் படித்துத் திருத்திக் கொடுத்தார். வருமான வரி விழுங்கிவிடாமல் இருக்கக் காகிதங்களை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்து, விற்றது அறக்கட்டளைதான் என்று கணக்கு முடித்தார்கள். 1948 முதல் வரிசையாக ஆறு தொகுதிகள் வந்தன. 1953-ல் நோபல் பரிசும் வந்தது, இலக்கியத்துக்கு. வரலாற்றுக்கென்று நோபல் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் எந்தப் புத்தகத்தை எந்த அலமாரியில் அடுக்க வேண்டும் என்று ஸ்டாக்ஹோம்காரர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை பிளெட்ச்லி பார்க்கில் உட்கார்ந்து உடைத்துப் படித்த கதை அந்த ஆறு தொகுதிகளில் இல்லை. 1974-ல்தான் அது ஊருக்குத் தெரிந்தது. அதுவரை வாசகர்கள், எதிரியின் எண்ணம் தளபதிகளுக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்தது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அது போகட்டும், ராணுவ ரகசியம். உனக்கு நான் காட்ட விரும்புவது எந்தச் சட்டமும் தடுக்காத இன்னொரு மௌனத்தை.

1943, வங்காளம். சர்ச்சிலின் நூல் சொல்லிப்போகும் கதையில் அந்தப் பஞ்சத்துக்கு இடமில்லை. பின்னிணைப்பில் அச்சான ஓர் ஆவணத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டன் இழந்த உயிர்களைப் போலப் பல மடங்கு உயிர்கள், அவருடைய ஆட்சியில், அவருடைய அமைச்சரவைக்குக் கட்டுப்பட்ட ஒரே மாகாணத்தில் போயின. லண்டன்மீது விழுந்த குண்டுகளுக்கு அத்தியாயம் உண்டு. வங்காளத்து மிட்னாபூர்க்காரனுக்குப் பின்னிணைப்பு.

கற்றுக்கொள், தம்பி. பஞ்சத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ‘காரணங்கள் பல’ என்று தொடங்கு. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் அரிசி வரத்து நின்றது. 1942 அக்டோபரில் புயல் அடித்தது. நெற்பயிரில் நோய் கண்டது. வியாபாரிகள் பதுக்கினார்கள். மாகாண நிர்வாகம் குளறியது. எல்லாம் சத்தியம். இந்தச் சத்தியங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போ. ஜப்பான்காரன் வந்தால் அவனுக்கு உதவக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளை எல்லாம் பிடுங்கியதும் அழித்ததும், அதே காரணம் சொல்லி அரிசியை அப்புறப்படுத்தியதும், தானியம் கேட்டு டெல்லியிலிருந்து தந்திமேல் தந்தி போனபோது கப்பல் இல்லை என்று லண்டன் கேட்டதில் சிறு பகுதியோடு நிறுத்திக்கொண்டதும், அந்த வரிசையில் ஏழாவது எட்டாவதாக வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ‘காரணிகளின் சிக்கலான பின்னல்’ என்றொரு சொற்றொடரைக் கைவசம் வைத்துக்கொள். பின்னலில் யார் கழுத்தும் மாட்டாது.

சில எரிச்சலூட்டும் மனிதர்கள் குறுக்கே வருவார்கள். லியோ அமெரி இந்தியாவுக்கான அமைச்சர், கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், பேரரசின் பரம பக்தர். இந்தியா விஷயத்தில் பிரதமரின் நோக்குக்கும் ஹிட்லரின் நோக்குக்கும் தனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அவரிடமே சொன்னதாக, அந்த மனிதர் நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். இப்படி ஏதாவது உன் கையில் சிக்கினால், அமெரி அந்த வாரம் களைத்திருந்தார் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டுத் தாண்டிவிடு.

‘தி ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் இன்னொரு தொல்லை. 1943 ஆகஸ்டில் கல்கத்தா நடைபாதைகளில் கிடந்தவர்களின் படங்களை அச்சிட்டுவிட்டார். அதுவரை அரசு பஞ்சம் என்று அறிவித்திருக்கவில்லை. படம் வந்த பிறகும் அறிவிக்கவில்லை. அறிவித்தால், நம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் எழுதிய பஞ்சச் சட்டக் கோவையின்படி சோறு போட்டாக வேண்டும். கோவையை எழுதியவர்களே கோவைக்குப் பயந்து பஞ்சத்தைப் பஞ்சம் என்று அறிவிக்காமல் விட்டார்கள். சித்தபிரசாத் என்ற இளம் ஓவியர் மிட்னாபூரில் நடையாய் நடந்து, பார்த்ததைக் கறுப்பு மையில் வரைந்து, ‘ஹங்க்ரி பெங்கால்’ என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். அச்சான 5,000 பிரதிகளை அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது. அரிசி கொண்டுவரத்தான் கப்பல் கிடைக்கவில்லை. ஓவியனின் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கப் போலீஸ் தாராளமாகக் கிடைத்தது. அவர் குடும்பத்திடம் தப்பிக் கிடந்த ஒரு பிரதியை வைத்துத்தான் வெகுகாலம் கழித்து மறுபதிப்பு வந்தது.

பிறகு கமிஷன். கமிஷன் இல்லாமல் சாவுக்கு முற்றுப்புள்ளி வைக்க முடியுமா? சர் ஜான் உட்ஹெட் தலைமையில் உட்கார்ந்தார்கள். 1945-ல் அறிக்கை கொடுத்தார்கள். செத்தவர் 15 லட்சம் என்றார்கள். அமர்த்தியா சென் பிற்பாடு கணக்குப் போட்டபோது அது 30 லட்சத்தைத் தொட்டது. நடுவில் இருக்கிற 15 லட்சம் பேர்? அவர்கள் ‘மதிப்பீட்டு வேறுபாடு’. செத்ததும் ஒரு முறை, அறிக்கையில் செத்தது இன்னொரு முறை. கமிஷன் முன்னால் சாட்சிகள் சொன்னதை எல்லாம் அழித்துவிடும்படி உத்தரவு. மணிலால் நானாவதி என்ற உறுப்பினர் மட்டும் தன் பிரதியை அழிக்காமல் வைத்துக்கொண்டார். இன்று டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது அந்த ஒழுங்கீனத்தைத்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிடாதே. நமக்கு 2,200 வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவம். அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டைப் பள்ளியிலேயே படித்திருப்பாய்: கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள், மன்னருக்கு மனவருத்தம். அந்த வருத்தத்தை பெஷாவருக்கு அப்பால் ஷாபாஸ்கடியில் வெட்டினார்கள். குஜராத்தில் கிர்நாரில் வெட்டினார்கள். ஆந்திரத்தில் எர்ரகுடியில் வெட்டினார்கள். கலிங்கத்திலேயே தௌலி, ஜௌகடா என்று இரண்டு பாறைகள் இருக்கின்றன. அவற்றில் அந்தக் கல்வெட்டு கிடையாது. அதற்குப் பதிலாக, மக்கள் எல்லாரும் என் பிள்ளைகள் என்கிற வேறு சாசனம் இருக்கிறது. ஆக, செத்தவர்களின் வீட்டாரைத் தவிர மற்ற எல்லாருக்கும் இரங்கல் தெரிவிக்கப்பட்டது. செய்தித்துறை என்ற ஒன்று அன்றைக்கே சிறப்பாக இயங்கியிருக்கிறது. அதே கலிங்கத்தின்மேல் பிற்காலத்தில் நம் சோழன் படையனுப்பியபோது ஜெயங்கொண்டார் இன்னும் நேர்மையாக இருந்தார். களத்தில் கிடந்த பிணங்களின் பொறுப்பைப் பேய்களிடம் விட்டார். கூழ் காய்ச்ச வேண்டிய பேய்களுக்குத் தலையைக் குறைத்துக் கணக்குக் காட்ட என்ன அவசியம்?

இனி உனக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறேன். உன் பாட்டியின் அப்பா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து ரயில் போடப் போனவர், திரும்பவே இல்லை என்று ஒருமுறை சொன்னாய். இந்த வேலைக்கு அது நல்லதில்லை. பற்றுள்ளவன் நடுநிலையாளன் ஆக மாட்டான் என்பார்கள். நடுநிலை என்றால் என்னவென்று அந்த ரயிலை வைத்தே சொல்கிறேன்.

தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பான் ராணுவம் பாதையை இணைத்துவிட்டது. வேலை செய்தவர்களில் 60,000-க்கு மேற்பட்டவர்கள் நேசநாடுகளின் போர்க் கைதிகள். அவர்களில் 12,000-க்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். அவர்களில் மாண்டவர்கள் 90,000 என்றும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நாளுக்கு ஒரு டாலர், மூன்று மாத வேலை என்று விளம்பரம் செய்தார்கள். ஆள் போதாமல் போனபோது, இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தோட்டத்து ஜனங்களைக் கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே ரயிலேற்றினார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். காட்டுக்குள் மழைக்காலத்தில் காலரா வந்தது. கைதிகளின் முகாமில் அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரைக் காப்பாற்றினார்கள். அதிகாரிகள் சாவுப் பட்டியலை ரகசியமாக எழுதி ஒளித்துவைத்தார்கள். தோட்டத்துக் கூலிக்கு மருத்துவரும் இல்லை, பட்டியல் எழுத அதிகாரியும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. முகாம் முகாமாக, குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். சிலரைச் சாவதற்கு முன்பே குழியில் தள்ளியதாக, கண்ணால் பார்த்த கைதிகளே எழுதியிருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் 1945-ல் ஒரு குழு அந்தப் பாதை நெடுகப் போய், ஒளித்துவைத்த பட்டியல்களை வைத்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளின் கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. காட்டுக்குள் அப்படித் தேடியதை நான் குறைசொல்ல மாட்டேன். செத்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதுதான். காஞ்சனபுரியில் இன்று போய்ப் பார்: பச்சைப் புல்வெளி, ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெயர், வயது, படைப்பிரிவு. 1990-ல் அதே காஞ்சனபுரியில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குழியில் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். ‘இருக்க வேண்டும்’. இந்த ஒரு வினைமுற்றில்தான், தம்பி, உன் கொள்ளுத்தாத்தா இருக்கிறார்.

பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையம் 1917-ல் தொடங்கியது. பதவி, இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது அதன் கொள்கை. அருமையான கொள்கை. அதே ஆணையம் 2021-ல் தன் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, முதல் உலகப் போரில் பேரரசுக்காகச் செத்த ஆப்பிரிக்கர்களிலும் ஆசியர்களிலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஏன் என்று தேடினால், 1923-ல் ஆப்பிரிக்கக் காலனியான கோல்டு கோஸ்டின் ஆளுநர் சொன்ன கருத்து கிடைக்கிறது: உள்ளூர் ஆளுக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாதாம். 

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கள்ளரோடு சண்டையிட்டுச் செத்த வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, நாயின் பெயர் கோவிவன் என்பதையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன் செத்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். 1943-ல் செத்த பல்லாயிரம் தமிழரின் பெயர் தெரியாது. கல்லின் அருமை யாருக்குப் புரியவில்லை?

கோபப்படாதே என்று உனக்குச் சொல்ல வந்தவன் நான். பேனா வழுக்குகிறது. மேலே போவோம்.

1957-ல் அந்த ரயிலைப் பற்றி ஒரு படம் வந்தது. குவாய் நதிப் பாலம். ஏழு ஆஸ்கர். சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் கைதிகளை உலகமே பார்த்தது. படப்பிடிப்பு இலங்கையில், கித்துல்கல ஆற்றங்கரையில். அங்கிருந்து ஹட்டன் பக்கம் மலையேறினால் தோட்டம் தோட்டமாகத் தமிழ்த் தொழிலாளர்கள். ரயில் போட்டுச் செத்த தமிழர்களைப் படத்தில் காட்ட வேண்டும் என்று டைரக்டருக்கு ஒரு நிமிஷம் தோன்றியிருந்தால் நடிக்க ஆள் தேடவேண்டிய சிரமமே இருந்திருக்காது. தோன்றவில்லை. அந்தப் பாலம் கௌரவப் பிரச்சினையில் மாட்டிக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் கர்னலின் பாலமாகவே நிலைத்துவிட்டது. பாதையையும் வீணாக்கவில்லை, போர் முடிந்ததும் பிரிட்டன் அதைத் தாய்லாந்துக்கே விற்றது. செத்தவன் எலும்பும் சரக்கோடு சேர்த்தியா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். 2000-ல் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதியாக இருந்த தன் வீரர்களுக்குத் தலைக்கு 10,000 பவுன் கொடுத்தது. தோட்டத்துக் கூலி அதற்குள் வரமாட்டான்; அவன் பேரரசின் ரப்பர் மரத்தில் பால் வெட்டியபோது மட்டும் பேரரசின் பிரஜை.

மலேசியாவில் இதை எழுதிவைத்தவர்கள் நாவலாசிரியர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. நீ அவற்றை மேற்கோள் காட்டக் கூடாது. அவை புனைவு. தளபதிகள் தங்கள் தோல்விக்குத் தாங்களே எழுதிய விளக்கம்தான் ஆவணம்.

ஆவணம் என்றதும் நினைவு வருகிறது. உன் தொழிலின் மகத்தான பகுதி இனிமேல்தான். காலனிகளை விட்டுக் கிளம்பும்போது பிரிட்டிஷ்காரர்கள் கோப்புகளைப் பிரித்தார்கள்: புதிய அரசுக்குக் கொடுக்கலாம் என்பவை, கொடுக்கக் கூடாது என்பவை. 1961-ல் காலனி அமைச்சர் இயன் மக்லியோட், மாட்சிமை தங்கிய அரசியாரின் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் கைமாறக் கூடாது என்று தெளிவாகவே எழுதி அனுப்பினார். எரிக்க வேண்டும். எரித்தால் சாம்பலையும் நொறுக்கிவிட வேண்டும். கடலில் போடுவதானால் எடை கட்டிய பெட்டியில், கரையிலிருந்து முடிந்த அளவு தூரத்தில், நீரோட்டமில்லாத ஆழத்தில் போட வேண்டும். சில காலனிகளில், இந்த வேலையைத் தொடுகிற அதிகாரி ஐரோப்பிய ரத்தமுள்ள பிரிட்டிஷ் பிரஜையாக இருக்க வேண்டும் என்றுகூட விதி. மலாயாவில் 1957-லேயே லாரி லாரியாகக் கோப்புகளை சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் கடற்படையின் உலையில் போட்டுவிட்டார்கள். இவ்வளவு சிரத்தையாகச் சாம்பலை நொறுக்கச் சொன்னவர்களுக்கு வரலாற்றின்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும், யோசித்துப் பார். நம் பல்கலைக்கழகங்களில் அதில் பாதி நம்பிக்கையை நான் கண்டதில்லை.

இதன் பலனைக் கென்யாவில் பார். 1950-களில் மௌ மௌ கிளர்ச்சியை அடக்கக் கிகூயு மக்களை முகாம்களில் அடைத்தார்கள், அடித்தார்கள், ஆண்மை நீக்கினார்கள். காரலைன் எல்கின்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் உயிரோடிருந்த கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்துக் கேட்டு 2005-ல் புத்தகம் போட்டார். அறிஞர் பெருமக்கள் பாய்ந்தார்கள். வாய்மொழியா? கிழவிகள் பேச்சா? காகிதம் எங்கே? காகிதத்தை எரித்த நாட்டிலிருந்தே கேட்டார்கள். உயிரோடிருந்தவர்களில் சிலர் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-ல், ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் 37 காலனிகளின் ஆயிரக்கணக்கான கோப்புகள் எரியாமல் இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகம் திடீரென்று ‘கண்டுபிடித்தது’. நம் பக்கத்து இலங்கையின் கோப்புகளும் மலாயாவின் கோப்புகளும் அதில் சேர்த்தி. கிழவிகள் சொன்னது காகிதத்திலும் இருந்தது. 2013-ல் அமைச்சர் வில்லியம் ஹேக் எழுந்து வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, செலவெல்லாம் சேர்த்து, 1.99 கோடி பவுன் என்று தீர்த்தார்கள். உனக்கு இதில் பாடம் இதுதான்: எரிக்கிறவன் மிச்சம் வைக்கக் கூடாது.

நம்மவர்கள் மென்மையானவர்கள். எரிப்பதில்லை, பூட்டிவைப்பார்கள். 1962-ல் சீனாவிடம் ஏன் தோற்றோம் என்று விசாரித்து லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் 1963-ல் அறிக்கை கொடுத்தார்கள். இன்றுவரை அரசு அதை வெளியிடவில்லை. 2010-ல் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம், அந்த அறிக்கைக்கு இன்றைய ராணுவ நடவடிக்கைகளிலும் மதிப்பு இருக்கிறது என்பது. அதாவது அன்றைக்குத் தோற்ற முறை இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. 2014-ல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பழைய பத்திரிகையாளர் அதில் பெரும்பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். சீனாக்காரன் படித்திருப்பான். அவனுக்குத் தெரியாத புது விஷயம் அதில் என்ன இருக்கப்போகிறது, அவன்தானே மறுபக்கம் நின்றவன்! மறைப்பது, மகனைப் பறிகொடுத்த குமாவோன் கிராமத்துக்காரனிடமிருந்து. வீர சிப்பாயிடம் குளிருக்குக் கம்பளி இல்லை என்கிற ஒரே ஒரு விவரத்துக்கு இத்தனை பூட்டு. 2021-ல் பாதுகாப்பு அமைச்சகம் புதுக் கொள்கை போட்டிருக்கிறது: ஆவணங்களை 25 வருஷத்தில் திறக்கலாம் என்று. 1962 முடிந்து 25 வருஷம் ஆகிவிட்டதா என்று நீ விரல் விட்டு எண்ணாதே. வேலையில் சேர்ந்த புதிது.

யாரைப் பின்பற்றக் கூடாது என்றும் கேட்டிருந்தாய். மார்க் புளோக். முதல் உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். இடைக்கால ஐரோப்பாவின் மாபெரும் வரலாற்றாசிரியர். 1939-ல் 53 வயது, ஆறு பிள்ளைகள், வீட்டில் இருந்திருக்கலாம். மறுபடி சீருடை மாட்டிக்கொண்டு ஒரு கேப்டனாகப் படைக்குப் பெட்ரோல் கணக்குப் பார்த்தார். பிரான்ஸ் ஆறே வாரத்தில் விழுந்தது. ஊருக்கு வந்து, அந்தச் சூடு ஆறுவதற்குள், 1940 கோடையிலேயே ஒரு புத்தகம் எழுதினார். ஆவணக்காப்பகம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை. தளபதிகளின் மூளை முந்தைய போரிலேயே நின்றுவிட்டது என்று எழுதினார். அதோடு விட்டாரா? முதலாளி, தொழிற்சங்கம், பள்ளி வாத்தியார் வரைக்கும் வந்து, கடைசியில் தன்னைப் போன்ற பேராசிரியர்கள் படிப்பறையை விட்டு வெளியே வராமல் இருந்ததே குற்றம் என்று முடித்தார். அவர் யூதர், தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார். 1944 மார்ச்சில் லியோனில் ஜெர்மானியர் பிடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், ஜூன் 16-ஆம் தேதி ஒரு வயல்வெளியில் நிறுத்திச் சுட்டார்கள். புத்தகம் 1946-ல்தான் அச்சானது. அவருக்கு எந்தச் சிண்டிகேட்டும் இல்லை, எந்த அறக்கட்டளையும் இல்லை. அந்த வழி உனக்கு வேண்டாம். உனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

எழுதி முடித்ததும் பெயரடைவு ஒன்று தயாரிக்க வேண்டியிருக்கும். புத்தகத்தின் மனசாட்சி அதில்தான் தெரியும், யாரும் அதைப் படிப்பதில்லை என்பதால். தளபதிகளைத் தடித்த எழுத்தில் போடு. பதக்கங்களைத் தனியாகப் பிரித்துப் போடு. ‘தொழிலாளர்’ என்று யாராவது தேடினால் ‘காண்க: போக்குவரத்து’ என்று அனுப்பிவிடு. ‘பஞ்சம்’ தேடினால் ‘காண்க: வானிலை’. உன் கொள்ளுத்தாத்தாவை எந்த எழுத்தின்கீழ் போடுவாய்? அவர் பெயர் உனக்குத் தெரியுமா? பாட்டிக்கு எண்பதுக்கு மேல் ஆயிற்று என்று நினைக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போ. அவர் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணி பெயர், எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர் யாராவது உண்டா, வந்தவர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள். சொந்த நோட்டில் எழுது. அலுவலகக் காகிதத்தில் எழுதினால், வேலையை விடும்போது கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.